என்னிடம் யாரும் கேட்கவில்லை

இலஞ்சி,
31.8.2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை செல்வி எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், அங்கே நீயும் மதினியும் பிள்ளைகளும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை என்பது மூன்று மாதமாக உனக்குத் தெரியும். எனக்குத்தான் முந்தாநாள் வியாழக்கிழமை தெரிந்தது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஆபரேஷனுக்குப் பிறகு என் நாக்கு தடித்துப்போனது. ஒரு வாக்கியத்தை முடிக்க நேரமாகிறது. நீ போனில் அதற்குள் "சரிம்மா, சரிம்மா, ரெஸ்ட் எடு" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்புவாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன். இடது கை தாளைப் பிடிக்கமாட்டேன் என்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த அரைக்கிலோ படிக்கல்லைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

வியாழக்கிழமை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நீ வந்து கூட்டிப்போகிறேன், தனியாகப் போகாதே என்று ஆடி மாதமே சொன்னாய். உனக்குப் போலீஸ் பந்தோபஸ்து வேலை, லீவு இல்லை. செக்கப் தேதி தாண்டி இருபது நாள் ஆகிவிட்டது. பக்கத்துக் கடை ஜாஹிரா பீவி, "நான் வாரேன், கெளம்புட்டி" என்றாள். நேந்திரம் சிப்ஸ் கடையை மகளிடம் விட்டுவிட்டு என்னோடு தென்காசியில் பஸ் ஏறினாள். பிரஷர் பார்த்து மாத்திரை எழுதித் தருவார்கள், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன்.

பெரிய டாக்டர் கம்ப்யூட்டரில் என் தலைப் படத்தைத் திறந்தார். திறந்துகொண்டே, "மீதி இருக்கறதப் பத்தி உங்க அண்ணன் என்ன முடிவு பண்ணியிருக்காரு?" என்று கேட்டார்.

"எந்த மீதி?" என்றேன்.

அவர் திரும்பி ஜாஹிராவைப் பார்த்தார். அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? பிறகு என்னைப் பார்த்தார். "உங்ககிட்டச் சொல்லலையா?" என்று கேட்டார். அண்ணே, அந்த நாற்காலியில் அப்போது நீ உட்கார்ந்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்திருப்பேன்.

தலைக்குள் இருந்த கட்டி ஒரு மங்குஸ்தான் அளவு இருந்ததாம். பழக்கடைக்காரி என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னாரோ என்னவோ. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்திருக்கிறார்கள். மற்றது உள்ளேயே இருக்கிறது. புற்றுநோய் வகை இல்லை, மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளரும் என்றார். நீ எனக்கு என்ன சொன்னாய்? ஐசியூவில் கண் விழித்த அன்று என் காதில் குனிந்து, "எல்லாத்தையும் எடுத்தாச்சுட்டி, இனிமே ஒண்ணும் கெடையாது" என்றாய். நான் அதை நம்பி மூன்று மாதம் சாமி கும்பிட்டிருக்கிறேன். மாவிளக்கு போட்டேன். உள்ளே அது உட்கார்ந்திருக்க, போய்விட்டதென்று மாவிளக்கு போட்டேன்.

ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னார். அந்த மரியாதைக்கு அவருக்கு ஒரு கும்பிடு. தலையைத் திறந்து முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனதாம். கட்டியைப் பிரிக்கத் தொடங்கியதும் ரத்தம் வந்திருக்கிறது. இந்த வகைக் கட்டியில் ரத்தம் வரும், அதற்குத் தயாராகத்தான் போவோம், கசிகிற இடத்தைச் சுட்டு அடைத்தால் நின்றுவிடும் என்றார். எனக்கு நிற்கவில்லை. ஓரிடத்தில் அடைத்தால் பக்கத்தில் கசிந்திருக்கிறது. தையல் ஊசி போன துவாரத்தில்கூட ரத்தம் வந்ததாம். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. "கட்டியா, நீங்களான்னு வந்துடுச்சும்மா. மூடிட்டேன்" என்றார்.

எதனால் அப்படி ஆனது என்று கேட்டேன். இன்றுவரை தங்களுக்கே புரியவில்லை என்றார். முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்ததாம். சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "உங்க அண்ணன் எங்க மேல மனு குடுத்திருக்காரு, தெரியுமா?" என்றார்.

அதுவும் தெரியாது. என் தலை, என் ரத்தம், என் பேரில் ஒரு மனு. எனக்குத் தெரியாது.

நீ மனுவில் பேர் எழுதிக்கொடுத்திருக்கிறாயே, மயக்க மருந்து கொடுத்த டாக்டர் முஹ்ஸினா, அந்தப் பெண்ணை அவர் கூப்பிட்டார். முப்பது வயதுகூட இருக்காது. வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது, நான் சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். உன் மனுவினால் விசாரணை முடியும்வரை அவளை ஆபரேஷன் அறைக்குள் விடுவதில்லையாம். என் ஃபைலைப் பிரித்து அன்றைக்கு எழுதிய தாளைக் காட்டினாள். சர்க்கரை, இல்லை. ரத்த அழுத்தம், இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இல்லை. வேறு ஏதாவது மாத்திரை, இல்லை. கீழே, தகவல் தந்தவர்: சகோதரர்.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாஹிராதான் என் முழங்கையை இடித்தாள். "ஏட்டி, அந்தத் தலவலி மாத்திர? நான் வாங்கித் தருவம்லா?"

என் பர்ஸில் காலி அட்டை ஒன்று இன்னும் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பெரிய டாக்டர் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதுல ஆஸ்பிரின் இருக்கும்மா. ரத்தத்த உறைய விடாது. எத்தன சாப்பிட்டீங்க?" என்றார். ஒரு நாளைக்கு மூன்று, வலி கூடினால் நாலு, எட்டு மாதமாக என்று சொன்னேன். கடைசியாக எப்போது என்றார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வார்டு பாத்ரூமில் நின்று இரண்டு விழுங்கினேன் என்றேன்.

அந்த முஹ்ஸினா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பரிசோதனையில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்குமாம், அவை வேலை செய்கின்றனவா என்பது அதில் தெரியாதாம். ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிறுத்தியிருந்தால் போதுமாம். "இத ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது.

எனக்கும் கோபம் வந்தது. "எங்கிட்ட யாரு கேட்டா?" என்றேன். தடித்த நாக்கில் அது முழுசாக வரவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அண்ணே, அந்த நாளை நினைத்துப் பார். மயக்க மருந்து டாக்டரம்மா கேள்வி கேட்கக் கூப்பிட்டபோது, "செல்வி, நீ வெளிய உக்காரு" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பதுபோல் நின்றாய். கதவு இடுக்கில் பார்த்தேன். பேஷண்டைக் கூப்பிடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாளாம். "அவ பயந்துருவா மேடம். எங்கிட்டக் கேளுங்க, எல்லாம் நாந்தான்" என்றாயாம். மாத்திரை ஏதாவது என்று கேட்டதற்கு, "அவ ஒரு மாத்திரையும் திங்கமாட்டா" என்றாயாம். எட்டு மாதமாக நீ என்னோடு இருந்தாயா? கோயம்புத்தூரில் இருக்கிற உனக்கு இலஞ்சியில் நான் எதைத் தின்கிறேன் என்று எப்படித் தெரியும்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல உன் வாய்க்கு வரவில்லை.

நான் அவளையும் விடவில்லை. "ஒரு எட்டு வெளிய வந்து எங்கிட்டக் கேட்டா என்ன?" என்றேன். அவள் அழாமல் பதில் சொன்னாள். "கேட்டிருக்கணும்மா. அவரு நின்ன நெலையில நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். என் தப்புதான்" என்றாள். விசாரணையிலும் இதையே சொல்லுவாளாம். உன் மனுவில் உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய்?

என் தப்பும் உண்டு. அதை மறைக்கப்போவதில்லை. ராத்திரி நர்ஸ் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்டபோது இல்லை என்றேன். தலைவலி மாத்திரையை நான் மருந்தாகவே நினைக்கவில்லை. அதோடு, நீ பக்கத்தில் நின்றாய். போன தீபாவளிக்கு வந்தபோது அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "கண்ட எழவையும் திங்காத, தைலத்தத் தேயி" என்று வாங்கிச் சாக்கடையில் எறிந்தாயே, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து ஒளித்துத்தான் தின்றேன். நாற்பத்தொரு வயதில், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறவள், உனக்குப் பயந்து பாத்ரூமில் நின்று மாத்திரை தின்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கியதும் அப்படித்தான். எழுதியிருந்ததை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "நரம்புல சின்ன வீக்கம்ட்டி. எல்லாருக்கும் உள்ள பேப்பர்தான், போடு" என்றாய். மறுநாள் தலையை மழிக்கிறபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

தலை கிறுகிறுக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

1.9.2024, ஞாயிறு

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். ஒரு வரியையும் அடிக்கத் தோன்றவில்லை.

உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதே சொல்லுகிறார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் நீ முதலில் படுத்துக் கொடுத்தாய். தென்காசியில் உன்னோடு வேலை பார்த்தவர்களை எல்லாம் வேனில் கொண்டுவந்து இறக்கினாய். எட்டுப் பாட்டில் ஏறியது. மூன்று நாள் ஐசியூ வாசலில் இருந்து நகரவில்லை. "உங்க அண்ணாச்சி சின்னப் புள்ள மாதிரி அழுதாரு" என்று ஜாஹிராவே சொன்னாள். மதினி இங்கே இருந்த ஒரு மாதமும் தினம் அதையே சொன்னாள். நான் எதைக் கேட்டாலும், "ஒங்க அண்ணன் ஒனக்காக எவ்வளவு பாடுபட்டாக" என்பாள். நீ அழுததை எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். நீ சொன்ன பொய்யை ஒருவரும் சொல்லவில்லை.

கடையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சீசன் தொடங்கும்போது செங்கோட்டைக்காரன் ஒருவனுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டாய். ஐந்தருவி ரோட்டில் பதினோரு வருடமாக நான் நின்ற இடம். சாரல் விழுந்த அன்று ஜாஹிரா போன் பண்ணி, "யாரோ ஒருத்தன் ஒன் பலகையில ரம்புட்டான் அடுக்குதான்" என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டதற்கு, இந்த நிலையில் உனக்கு எதற்குக் கடை என்றாய். எனக்கு எதற்கு என்று என்னிடம்தானே கேட்க வேண்டும்?

இன்னொன்று இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக நான் அதைப் பேசியதில்லை. எங்க வீட்டுக்காரர் லாரியில் அடிபட்ட அன்று என்னைக் கூட்டிப்போக வந்தவன் நீதான். "கால்ல சின்னக் காயம்தான். பாத்துட்டு வந்துருவோம்" என்றாய். நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டேன். அழுக்குச் சேலையோடு போனால் அவருக்குப் பிடிக்காது என்று சேலை மாற்றினேன். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. பூ வைத்துக்கொண்டு பிணவறைக்குப் போனவள் நான். அங்கே இருந்தவர்கள் என் தலையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த டாக்டராலும் வெட்டி எடுக்க முடியாது.

என் மனசு தாங்காது என்று நினைத்தாய். சரி. அன்றைக்கும் நான்தான் தாங்கினேன். ஐசியூவில் வாயில் குழாயோடு கிடந்தபோதும் நான்தான் தாங்கினேன். தாங்க முடியாதவன் நீ. எனக்குச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று பயந்தாய். உன் பயத்துக்கு என் பேரை வைத்துவிட்டாய்.

இனி நடக்கப்போவதைச் சொல்லுகிறேன். யோசனை கேட்க எழுதவில்லை. தெரிவிக்கிறேன்.

மீதியை என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள், இருக்கட்டும் என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் காத்திருக்கலாம். கதிர்வீச்சு வைத்துப் பார்க்கலாம். மறுபடியும் திறந்து எடுக்கலாம். திறந்தால் இடது கை இப்போது இருப்பதைவிட மோசமாகலாம், பேச்சு இன்னும் போகலாம், மாத்திரை விஷயம் தெரிந்துவிட்டதால் ரத்தத்துக்கு முன்னைவிடப் பயம் குறைவு, ஆனால் எழுந்திருக்காமலே போகவும் வாய்ப்பு இல்லாமல் இல்லை என்றார். இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்து எனக்கே சொன்ன முதல் ஆள் அவர்தான். பஸ்ஸில் ஆலங்குளம் வரும்வரை ஜாஹிரா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தென்காசியில் இறங்கி இரண்டு பேரும் பரோட்டா தின்றோம். அங்கே உட்கார்ந்து முடிவு பண்ணினேன். எடுத்துவிடுவது. நேற்றுக் காலை போன் பண்ணி டாக்டரிடம் சொல்லியும் விட்டேன்.

பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. கையெழுத்து நான் போடுவேன், முழுசாகப் படித்துவிட்டுப் போடுவேன். டாக்டர் முஹ்ஸினாதான் எனக்கு மயக்க மருந்து தரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒருமுறை கேட்காமல் விட்டவள் இனி ஆயிரம் முறை கேட்பாள். அவள் உள்ளே வரவேண்டும் என்றால் உன் மனு இருக்கக் கூடாது. நடந்ததை நான் தேதி போட்டு எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன், மாத்திரையையும் சேர்த்து, உன்னையும் சேர்த்து. நீயாகப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் உனக்கு மரியாதை. அந்தப் பெண்ணிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு மரியாதை. இந்த வாரத்துக்குள் செய். எஸ்.ஐ. இசக்கிமணி ஒரு பெண்பிள்ளையிடம் தலை குனிவதா என்று உன் ஆட்கள் பேசினால், என் தங்கச்சி சொன்னாள் என்று சொல்.

செங்கோட்டைக்காரனிடம் நானே பேசிவிட்டேன். ஐப்பசியில் இடத்தைத் தந்துவிடுகிறான். அதில் நீ தலையிடாதே.

பதினேழாம் தேதி மத்தியானத்துக்குள் வந்துவிடு. யூனிஃபார்மில் வராதே. மதினியையும் கூட்டி வா, அவள் என்னென்ன சொல்லப்போகிறாளோ சொல்லட்டும். டாக்டரோ நர்ஸோ வந்து என்னைப் பற்றி உன்னிடம் எதைக் கேட்டாலும், "அவகிட்டக் கேளுங்க" என்று சொல். நான் பதில் சொல்ல நேரமாகும். அந்த நேரம் பூராவும் நீ சும்மா நில். எனக்குப் பேச்சே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும், மூச்சு மட்டும் ஓடினால் எதுவரை பார்க்க வேண்டும் என்று எல்லாம் ஒரு தாளில் எழுதி ஜாஹிராவிடம் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் கொடுக்கவில்லை. உனக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

அன்று காலை என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது வலது கையை வெளியே நீட்டுவேன். அதில்தான் உணர்ச்சி இருக்கிறது. நீ வந்து பிடித்துக்கொள். "ஒண்ணும் ஆகாதுட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதே. அது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாது என்றே வைத்துக்கொண்டு, கதவு வரைக்கும் கூடவே நடந்து வா.

இலஞ்சிக் குமரன் உன்னையும் மதினியையும் பிள்ளைகளையும் நல்லபடியாக வைக்கட்டும். எனக்குக் கோபம் தீரவில்லை, தீருமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் வா அண்ணே. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தங்கை
முத்துச்செல்வி